பாயின்செட்டியா: அடியிலை மஞ்சள், மண் ஈரமாக இருந்தும் வாட்டம், இலைக்கு அடியில் வெள்ளைப் பூச்சி. எதை முதலில் பார்ப்பது?

மடிப்பாக்கம்_பால்கனி

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் நடுவில் வாங்கிய பாயின்செட்டியா (கிறிஸ்துமஸ் சமயத்தில் விற்கும், மேலிலை சிவக்கும் செடி). 6 அங்குல பிளாஸ்டிக் தொட்டி, சுற்றிலும் தங்க நிற ஜிகினாத் தாள். கிழக்குப் பார்த்த பால்கனியை ஒட்டிய ஹாலில் இருக்கிறது. காலை ஒன்றரை மணி நேரம் வெயில் படும், அப்புறம் வெளிச்சம் மட்டும்தான். தினமும் ஒரு டம்ளர் போர் தண்ணீர்.

இப்போதைய நிலை: அடியில் இருக்கும் இலைகள் முழுதாக மஞ்சளாகி உதிர்கின்றன. மதியமானால் செடி துவண்டு போகிறது, ஆனால் மண்ணைத் தொட்டால் ஈரம். பச்சை இலைகளின் ஓரம் பழுப்பாகக் கருகியிருக்கிறது. செடியை ஆட்டினால் இலைக்கு அடியிலிருந்து பொடிப்பொடியாக வெள்ளைப் பூச்சிகள் பறக்கின்றன. வேப்பெண்ணெய் கரைசல் அடித்ததில் சிவப்பு இலைகளில் எண்ணெய் பட்ட இடமெல்லாம் காபி நிறத் திட்டு. சத்துக் குறைவோ என்று ஒரு டீஸ்பூன் டிஏபி உரமும் போட்டாகிவிட்டது.

இது ஒரே நோயா, நான்கு நோயா? எதில் ஆரம்பிப்பது?

வேரடி

நான்கு பிரச்சினை, ஆனால் ஆரம்பிக்க வேண்டிய இடம் ஒன்றுதான்: வேர். மண்ணில் ஈரம் இருந்தும் செடி வாடினால் தண்ணீரை உறிஞ்ச வேர் இல்லை என்று பொருள். இலையில் எதையும் அடிப்பதற்கு முன் தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்.

முதலில் அந்த ஜிகினாத் தாளைக் கழற்றுங்கள். உள்ளே கையை விட்டால் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும். பாயின்செட்டியா சாவதற்கு முதல் காரணம் இந்தத் தாள்தான் என்று தயங்காமல் சொல்லலாம். அழகுக்கு வேண்டுமென்றால் அடியில் நான்கு ஓட்டை போட்டு, கீழே தட்டு வையுங்கள்.

அப்புறம் தண்டின் அடியை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, தொட்டியைச் சாய்த்து, பக்கங்களை அமுக்கிவிட்டு மண்கட்டியை மொத்தமாக வெளியே எடுங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ, அழுத்தினால் கெட்டியாக இருக்கும். பழுப்பாகி, இரண்டு விரலால் இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று, நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் அது பித்தியம் என்ற நீர்ப்பூஞ்சணத்தால் வரும் வேரழுகல். வேர் சுமாராக இருந்து, தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் பழுப்புப் பட்டையாகக் குழிந்திருந்தால் ரைசோக்டோனியா என்ற பூஞ்சையால் வரும் தண்டடி அழுகல். இரண்டுக்கும் மருந்து வேறு, அதனால் பார்க்காமல் எதையும் ஊற்ற வேண்டாம்.

டிஏபியை மேலாக உடனே சுரண்டி எடுத்துவிடுங்கள். நிறம் வந்து நிற்கும் செடிக்கு உரம் தேவையே இல்லை. ஏற்கெனவே நொந்த வேர் மேல் உப்பு ஏறினால் இலை ஓரம் கருகும். நீங்கள் சொல்லும் பழுப்பு ஓரம் பெரும்பாலும் அதுதான். போர் தண்ணீரில் உள்ள உப்பும் சேர்ந்துகொள்ளும்.

தண்ணீருக்கு நாள் கணக்கு வைக்காதீர்கள். மேல் ஒரு அங்குலம் காய்ந்து, தொட்டியைத் தூக்கினால் லேசாக இருக்கும்போது மட்டும், அடியில் வழியும் வரை ஊற்றி, 20 நிமிடத்தில் தட்டில் உள்ளதைக் கொட்டிவிடுங்கள். தினம் ஒரு டம்ளர் என்பது மேலே எப்போதும் ஈரமாகவும், உப்பு கீழே இறங்காமலும் வைக்கும்; இரண்டு பக்கமும் கெடுதல்.

கோவை_நாற்று

வெள்ளைப் பூச்சிக்கு நான் சொல்றேனுங்க. அது வெள்ளை ஈ. பருத்தி, தக்காளி, கத்திரியில வர்ற அதே இனம்தான். பறக்கிறதைப் பார்த்துப் பதற வேண்டாம், சேதம் பண்றது இலைக்கு அடியில அசையாம ஒட்டியிருக்கிற குஞ்சுங்க. நடு இலை ஒண்ணைத் திருப்பி லென்ஸ் வச்சுப் பாருங்க. தட்டையா, மஞ்சள் கலந்து கண்ணாடி மாதிரி, கடுகைவிடப் பொடிசா செதில் செதிலா தெரியும். அதுதான் சாறு குடிக்குது. கீழ் இலை மேல பிசுபிசுப்பும், அதுமேல கரி பூசின மாதிரி பூஞ்சணமும் வந்துட்டா கூட்டம் பெருத்துப்போச்சுன்னு அர்த்தம்.

எண்ணெயைச் சிவப்பு இலையில அடிச்சது தப்புங்க. அந்த இலை மெல்லிசு, எண்ணெயும் சோப்பும் ஆகவே ஆகாது. கருகின திட்டு இனி மாறாது, விட்டுடுங்க. செடி நிறத்தோட இருக்கிற வரைக்கும் கைவேலைதான்:

காலையில ஈ மந்தமா இருக்கும்போது, செடியை ஒரு பிளாஸ்டிக் பையில மண்ணு கொட்டாம கட்டிச் சாய்ச்சு, இலைக்கு அடியில தண்ணியைப் பீய்ச்சுங்க. பச்சை இலையை மட்டும் ஈரத்துணியால அடிப்பக்கம் துடைங்க. ரொம்ப அப்பின அடியிலையைக் கிள்ளி, பையில போட்டுக் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்க. பக்கத்துத் தொட்டியில உரமாப் போட்டுடாதீங்க. செடி உயரத்துக்கு ஒரு மஞ்சள் ஒட்டும் அட்டை வச்சா பறக்கிறது மாட்டும்.

நிறம் போனப்புறம், இல்லை செடி முழுக்கப் பச்சையா இருக்கிறப்ப, 1 லிட்டர் தண்ணிக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி., காதி சோப்புக் கரைசல் 1 மி.லி. முதல்ல சோப்பையும் எண்ணெயையும் வெந்நீரில கலக்கிட்டு அப்புறம் மீதித் தண்ணியை ஊத்துங்க, இல்லைன்னா எண்ணெய் தனியா மிதந்து ஒரே இடத்துல படிஞ்சு கருக்கிடும். சாயங்காலம், இலைக்கு அடியில. 5 நாளுக்கு ஒரு தரம், நாலு தரம் விடாம அடிக்கணும். முட்டையையும் கூட்டுப்புழுவையும் இது ஒண்ணும் பண்ணாது, பொரிச்சு வர்றதைத்தான் பிடிக்கும். ஒரு தரம் அடிச்சுட்டு “மருந்து வேலை செய்யல”ன்னு விடுறவங்கதான் ஜாஸ்தி.

இமிடாகுளோப்ரிட்ங்கிற பூச்சிமருந்தை ஊத்தலாமான்னு யாராவது கேப்பாங்க. வெள்ளை ஈ அதுக்கு எதிர்ப்பு எடுத்து ரொம்ப நாளாச்சு, வீட்டுக்குள்ள வைக்கிற செடிக்கு எனக்கு அதுல சம்மதம் இல்லீங்க.

மடிப்பாக்கம்_பால்கனி

மிக்க நன்றி. தாளுக்குள் அரை டம்ளர் தண்ணீர் நின்றது. வேரில் வெளி வட்டம் பழுப்பு, தோல் கழன்று வருகிறது; நடுப்பக்கம் வெள்ளை வேர் இருக்கிறது. தண்டு கெட்டியாகவே உள்ளது. மண்ணைக் கிளறினால் கொசு மாதிரி கருப்புப் பூச்சி எழும்புகிறது. தொட்டி மாற்றலாமா, அப்படியே காய விடலாமா?

வேரடி

பாதி வேர் வெள்ளை என்றால் பிழைக்க வாய்ப்பு உண்டு. காய விட்டு மட்டும் பயனில்லை, அழுகிய வேர் அங்கேயே இருக்கும்.

அழுகிய வேரை ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் வெட்டி, பழைய மண்ணில் உதிர்வதை உதிர்த்துவிடுங்கள். கழுவ வேண்டாம், நல்ல வேர் அறுந்துபோகும். புதுத் தொட்டி பெரிதாக வேண்டாம். வேர் குறைந்திருப்பதால் அதே 6 அங்குலமோ 5 அங்குலமோ போதும். வேர் தொடாத மண் அதிகமானால் மறுபடி ஈரம் தேங்கும். கலவை: தென்னை நார்க்கழிவு 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, பெர்லைட்டோ (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல்) கழுவிய ஆற்று மணலோ 1 பங்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊற வைத்து மூன்று தடவையாவது தண்ணீர் மாற்றிப் பிழியுங்கள், அதில் வரும் உப்பே ஒரு செடியைக் கருக்கும். செம்மண்ணைத் தவிர்க்கலாம். தொட்டிக்குள் அது இறுகி, நீங்கள் இப்போது பார்க்கும் நிலைக்கே கொண்டுவந்துவிடும்.

மருந்துக்கு இரண்டு வழி, ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். அழுகல் பாதிக்கு மேல் என்றால் மெட்டலாக்ஸில், மேங்கோசெப் கலந்த பூஞ்சணக்கொல்லித் தூள் லிட்டருக்கு 2 கிராம், தொட்டி முழுக்க நனையும்படி ஒரே ஒரு முறை. கையுறை போட்டு, வீட்டுக்கு வெளியே. உங்களுடையது அந்த அளவுக்கு இல்லை. டிரைக்கோடெர்மா விரிடி லிட்டருக்கு 10 கிராம் கரைத்து ஊற்றி, 15 நாள் கழித்து மறுபடி ஊற்றுங்கள். அது உயிருள்ள பூஞ்சை. ரசாயனப் பூஞ்சணக்கொல்லியோடு சேர்த்து ஊற்றினால் இரண்டு காசும் வீண். தண்டடி அழுகலாக இருந்திருந்தால் கார்பெண்டாசிம் லிட்டருக்கு 1 கிராம் சொல்லியிருப்பேன், மெட்டலாக்ஸில் அதற்குக் கேட்காது.

அந்தக் கருப்புப் பூச்சி பூஞ்சைக் கொசு. புழு அழுகலைத் தின்னும், கூடவே இளம் வேரையும் கடிக்கும். மேல் மண் காய்ந்தால் தானாகக் குறையும். தனி மருந்து வேண்டாம், உங்கள் மஞ்சள் அட்டையிலேயே மாட்டும்.

மாற்றி நட்ட பிறகு ஒரு வாரம் நேர்வெயில் வேண்டாம். இன்னும் சில இலை உதிரும். வேருக்குத் தக்கபடி செடி இலையைக் குறைத்துக்கொள்கிறது. நுனித் தளிர் நிமிர்ந்து நிற்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

தண்ணீர்_டேங்க்

வேரடி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். போர் தண்ணீருக்குப் பதில் ஆர்ஓ தண்ணீர் என்றதும் பலர் ஆர்ஓ மெஷினின் கழிவுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறார்கள். அதில் வந்த தண்ணீரைவிட உப்பு அதிகம். ஊற்றினால் குடிக்கும் பக்கத்துத் தண்ணீர், இல்லையென்றால் மழைநீர், அதுவும் இல்லையென்றால் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். உப்பு ஏறிய தொட்டியைக் கழுவ, தொட்டிக் கொள்ளளவில் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக மேலிருந்து ஊற்றி வடிய விட வேண்டும். வேரழுகல் உள்ள செடிக்கு இப்போது இதைச் செய்யாதீர்கள், மண் மாற்றுவதிலேயே உப்பும் போய்விடும்.

மஞ்சளைப் படிக்க ஒரு வழி: எந்த இலையில் ஆரம்பிக்கிறது, இலையில் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். அடியிலை முழுதாக ஒரே மாதிரி மஞ்சளானால் வேர், வெளிச்சக் குறைவு, தழைச்சத்து மூன்றில் ஒன்று. அடியிலையில் நரம்பு பச்சையாக இருந்து நடுவில் மட்டும் வெளிறினால் மெக்னீசியம். எப்சம் உப்பு லிட்டருக்கு 2 கிராம், மாதம் ஒரு முறை வேரில் ஊற்றினால் போதும். அதே நரம்புக்கோலம் புதுத் தளிரில் வந்தால் இரும்பு, அநேகமாகப் போர் தண்ணீர் மண்ணைக் காரமாக்கியதால். இந்தச் செடிக்கு மண்ணின் அமில கார அளவு 6-ஐ ஒட்டி இருக்க வேண்டும். வளர்ந்த இலையின் ஓரம் மட்டும் மஞ்சளாகி, பிறகு கருகி, மேல்நோக்கிச் சுருண்டால் மாலிப்டினம். மற்ற செடிகளில் அவ்வளவாகப் பார்க்காத குறை இது, பாயின்செட்டியாவுக்கு அந்தச் சத்து கூடுதலாக வேண்டும். நுண்ணூட்டக் கலவை வாங்கும்போது உறையில் மாலிப்டினம் இருக்கிறதா என்று படித்து வாங்குங்கள், எல்லாவற்றிலும் இருப்பதில்லை.

பச்சைக்கிளி_தோட்டம்

இவ்வளவு எதற்கு? வாரம் ஒரு முறை பஞ்சகவ்யா, மோர்க்கரைசல் மாற்றி மாற்றி ஊற்றினால் எந்தச் செடியும் நன்றாக வரும்.

வேரடி

நன்றாக வளரும் மாடித்தோட்டச் செடிக்குப் பஞ்சகவ்யாவில் எனக்கு மறுப்பில்லை. வேர் அழுகிக்கொண்டிருக்கும் தொட்டியில், வீட்டுக்குள், வாரம் ஒரு முறை என்றால் ஈரத்தையும் பூஞ்சைக் கொசுவையும் கூட்டுவதுதான் நடக்கும். புதுத் தளிர் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குன்னூர்_மிஸ்ட்

மலைப்பக்கம் இருப்பவர்களுக்கு வரிசை வேறு. இங்கே வெள்ளை ஈ குறைவு, பூஞ்சணம்தான் தொல்லை. சிவப்பு இலை ஓரத்தில் தண்ணீர் ஊறியது போலத் திட்டு வந்து, இரண்டு நாளில் சாம்பல் நிறத்தில் ரோமம் மாதிரி எழும்பினால் போட்ரைட்டிஸ் என்ற பூஞ்சணம். பட்ட இலையைக் காலையில், உலர்ந்த நேரத்தில் கிள்ளி எடுத்து, தொட்டிகளுக்கு நடுவில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். இலை மேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள். மருந்தைவிடக் காற்றோட்டம் முக்கியம்.

இலை மேல் விபூதி பூசியது போல வட்டமாக வந்தால் சாம்பல் நோய். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், செடி பச்சையாக இருக்கும்போதே. சமவெளிக்காரர்கள் கவனிக்க: 32 டிகிரிக்கு மேல் கந்தகம் இலையைக் கருக்கும், வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமலும் அடிக்கக் கூடாது.

ஸ்காபரோ_யன்னல்

வணக்கம், ரொறன்ரோப் பக்கம் இருந்து எழுதுறன். இஞ்ச இலை மஞ்சளாகாமப் பச்சையாவே கொட்டுறதுதான் பெரிய முறைப்பாடு. அது நோயில்லை, பெரும்பாலும் குளிர். 10 பாகைக்குக் கீழ போனாலே இந்தக் கண்டுக்குத் தாங்காது. கடையில இருந்து காருக்குக் கொண்டு போற நேரமே போதும். வாங்கேக்க மேல மூடுற மாதிரி உறை போட்டுத் தரச் சொல்லுங்கோ. வீட்டுக்கு வந்த உடன உறையைக் கழட்டுங்கோ. உறைக்குள்ள இலைக்காம்பு மடங்கிக் கிடந்தா எத்திலீன் வாயு சேரும். கழட்டினாப் பிறகும் இலையெல்லாம் கீழ தொங்கிக்கொண்டு நிக்கும். மண் ஈரமா இருந்தா தண்ணி விடாதேங்கோ, ரெண்டு நாளில தானா நிமிரும். வாழைப்பழம், ஆப்பிள் வைக்கிற மேசையில செடியை வைக்காதேங்கோ, அதுகளும் அதே வாயுவைத்தான் விடும்.

யன்னல் கண்ணாடியில இலை முட்டப்படாது, ஹீற்றர் காத்து நேர அடிக்கவும்படாது. காத்து வறண்டு போனா செம்பேன் வரும். இலைக்குக் கீழ ஒரு வெள்ளைக் கடதாசியைப் பிடிச்சுத் தட்டுங்கோ, விழுற தூசி நகர்ந்தா அதுதான்.

மடிப்பாக்கம்_பால்கனி

மண் மாற்றி, டிரைக்கோடெர்மா ஊற்றியாயிற்று. மதிய வாட்டம் குறைந்திருக்கிறது. இன்னும் இரண்டு சந்தேகம். தண்டின் கணுவில் பஞ்சு மாதிரி வெள்ளையாக இரண்டு இடத்தில் ஒட்டியிருக்கிறது. அடுத்தது, சிவப்பு இலை கொட்டியபின் இந்தச் செடி சென்னையில் மறுபடி சிவக்குமா? எங்கள் தெருவில் போன வருடத்துச் செடி ஒன்று பச்சையாகவே நிற்கிறது.

கோவை_நாற்று

பஞ்சு மாவுப்பூச்சிங்க. காது குடையுற பஞ்சுக் குச்சியை 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில நனைச்சுத் தொட்டு எடுங்க, வாரம் ஒரு தரம், மூணு வாரம். எறும்பு ஏறுதான்னு பாருங்க. எறும்பு இருந்தா மாவுப்பூச்சியை அதுவே காப்பாத்தி அடுத்த கிளைக்குச் சுமந்துட்டுப் போகும், அதனால தட்டுல தண்ணி ஊத்தி, நடுவுல செங்கல் வச்சு, அதுமேல தொட்டியை வையுங்க. தொட்டி அடி தண்ணியைத் தொடக் கூடாது.

இருட்டு_14மணி

மறுபடி சிவக்கும், ஆனால் இருட்டும் குளிர்ச்சியும் வேண்டும். மெக்ஸிகோவிலிருந்து வந்த செடி இது. இரவு நீளும்போதுதான் மொட்டு வைத்து மேலிலை நிறம் மாறும். தெருச் செடி பச்சையாக நிற்பதற்குச் சத்துக் குறைவு தேட வேண்டாம், பக்கத்தில் தெருவிளக்கோ வாசல் விளக்கோ இருக்கிறதா என்று பாருங்கள். ராத்திரி நடுவில் கொஞ்ச நேரம் டியூப் லைட் பட்டாலும் அன்றைய கணக்கு கெடும்.

நிறம் உதிர்ந்ததும் மார்ச் வாக்கில் தண்டை 4 முதல் 6 அங்குலத்துக்கு வெட்டுங்கள், ஒவ்வொரு கிளையிலும் மூன்று, நான்கு கணு இருக்கட்டும். இலை குறைந்த செடிக்குத் தண்ணீரும் குறைவாகத்தான். தளிர் வந்ததும் 19:19:19 உரம் லிட்டருக்கு 1 கிராம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. ஆகஸ்ட் கடைசி வரை நுனி கிள்ளலாம், அதற்குப் பிறகு கூடாது. ஏப்ரல், மே வெயிலில் மதியம் நிழல்வலை.

அக்டோபர் முதல் வாரத்திலிருந்து மாலை 5 முதல் காலை 7 வரை முழு இருட்டு, எட்டு முதல் பத்து வாரம். அட்டைப்பெட்டி போதும், ஆனால் ஓரத்தில் வெளிச்சம் கசியக் கூடாது. பகலில் கட்டாயம் நல்ல வெளிச்சத்துக்கு எடுத்து வையுங்கள். சென்னையில் தடங்கல் இரவுச் சூடு. ராத்திரி 21 டிகிரிக்குக் கீழே போனால்தான் ஒழுங்காக மொட்டு வைக்கும். அக்டோபரில் இங்கே அது நடக்காது, அதனால் பெங்களூர்ச் செடி டிசம்பரில் சிவந்தால் உங்களுடையது ஜனவரியைத் தாண்டலாம், இலையும் சிறிதாக இருக்கும். அது நோய் இல்லை. பெட்டிக்குள் புழுக்கம் சேராமல், காற்று வரும் மூலையில் வையுங்கள்.

இன்னொன்று: அடுத்த வருடம் செடி குச்சி குச்சியாக உயர்ந்தால் பயப்படாதீர்கள். நர்சரியில் வளர்ச்சி குறைக்கும் மருந்து கொடுத்துத்தான் அந்தக் குட்டை உருவத்தில் விற்கிறார்கள், அதன் வேகம் தீர்ந்திருக்கும். வேடிக்கை என்னவென்றால், கடைச் செடி அப்படிக் கிளை கிளையாக வெடிப்பதற்கே உள்ளே இருக்கும் ஒரு ஃபைட்டோபிளாஸ்மா (பாக்டீரியா வகை நுண்ணுயிர்) தொற்றுதான் காரணம். வளர்ப்பவர்கள் வேண்டுமென்றே வைத்திருக்கும் நோய் அது, நீக்கினால் செடி ஒற்றைக் கொம்பாக வளரும்.

மடிப்பாக்கம்_பால்கனி

வெட்டும்போது பால் வடியுமே, வீட்டில் பூனை உண்டு. விஷமா?

இருட்டு_14மணி

சொல்லிப் பயமுறுத்தும் அளவுக்கு விஷம் இல்லை. பூனை கடித்தால் எச்சில் ஒழுகும், ஒரு முறை வாந்தி எடுக்கலாம். நிற்காமல் எடுத்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பால் தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பு வரும், கண்ணில் பட்டால் நன்றாக எரியும், அதனால் கையுறை போட்டு வெட்டி, கத்தரியை உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெட்டுவாயில் குளிர்ந்த தண்ணீர் தெளித்தால் பால் நிற்கும். வெட்டிய நுனிகளை வீசாதீர்கள்: 4 அங்குலத் துண்டு, பால் நிற்கும் வரை தண்ணீரில் வைத்து, கழுவிய நார்க்கழிவில் நட்டு, மேலே பிளாஸ்டிக் பை கவிழ்த்து நிழலில் வைத்தால் மூன்று, நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். வெள்ளை ஈ முட்டை இல்லாத தண்டாகப் பார்த்து எடுங்கள்.